கடைக்கு ஆள் எடுப்பது எப்படி? டெல்டா ஊர்களில் புதிதாகக் கடை திறப்பவர்களுக்கு

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்தக் கடைத்தெருவில் கேட்டாலும் புதுக்கடை முதலாளியின் புலம்பல் ஒன்றுதான்: "ஆளே நிக்க மாட்டேங்குறாங்க சார்." சேர்ந்து பதினைந்து நாளில் போனவர்களைக் கேட்டுப் பார்த்தால், வேலை தெரியாமல் போனவர்கள் சொற்பம். எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை, வார லீவு உண்டா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை, கல்லாவில் குறைந்த பணத்தைக் கேட்காமலே சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட காரணங்கள்தான் வருகின்றன. இவை எல்லாமே நேர்காணலில் பத்து நிமிடத்தில் பேசித் தீர்த்திருக்க வேண்டியவை.

இந்தக் கட்டுரை 1,000 முதல் 2,000 சதுர அடிக்குள் மளிகை, டிபார்ட்மென்டல், ஃபேன்சி, பாத்திரம் மாதிரியான கடை வைப்பவர்களுக்காக எழுதப்படுகிறது. பெரிய ஜவுளிக்கடைக்கும் அடிப்படை இதுவே. அங்கே ஆள் கூடுதல், சட்டமும் கூடுதல், அவ்வளவுதான்.

முதலில் தலைக்கணக்கு

எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கடையின் அகலத்தை வைத்துச் சொல்ல முடியாது, நேரத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கடை காலை 9 முதல் இரவு 9.30 வரை என்றால் ஒரு நாளைக்கு 12½ மணி நேரம். வாரம் ஏழு நாளும் திறந்தால் 87½ மணி. பில் போட ஒருவர், ரேக் பக்கம் ஒருவர், எடைபோடவும் குடோனுக்குமாக ஒருவர் என மூன்று இடம் வைத்துக்கொண்டால் 262½ மணி நேர வேலை. ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம்தான். வகுத்தால் ஐந்தரை. ஆறு பேர் வேண்டும்.

மூன்று பேரை எடுத்து மூவரையும் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தலாம் என்று தோன்றும். முதல் மாதம் ஓடும். இரண்டாம் மாதம் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற இருவரும் திணறுவார்கள், மூன்றாம் மாதம் மூவரும் போயிருப்பார்கள். சட்டமும் இடம் தராது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தவருக்கு 1 மணி நேரம் ஓய்வு. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை.

ஆறு பேரை எப்படிப் பிரிப்பது? காலை ஷிப்ட் 9 முதல் 6 வரை, நடுவில் 1 முதல் 2 சாப்பாடு. மாலை ஷிப்ட் 12.30 முதல் 9.30 வரை, 4.30 முதல் 5.30 ஓய்வு. திங்கள் முதல் சனி வரை ஆளுக்கொரு நாள் லீவு, ஞாயிறு ஆறு பேரும் கடையில். மற்ற நாட்களில் ஐந்து பேர் இருப்பார்கள். காலைக்கு இரண்டு பேர், மாலைக்கு மூன்று பேர். காலையில் காலியாக இருக்கும் மூன்றாவது இடம் உங்களுடையது. கல்லாவில் நீங்களே உட்காருங்கள்.

இந்த ஷிப்ட் கணக்கு பேப்பரில் வந்த பிறகுதான் யாரை எடுப்பது என்ற பேச்சே. பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் காலை ஷிப்டுக்கு. ஊருக்குள்ளேயே வீடு இருப்பவர்கள், வண்டி வைத்திருப்பவர்கள் மாலை ஷிப்டுக்கு. இதை மாற்றிப் போட்டால் எவ்வளவு நல்ல ஆளும் நிற்க மாட்டார்.

எப்போது தேடுவது

டெல்டாவில் ஆள் கிடைப்பதும் போவதும் காலண்டர்படி நடக்கும். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நிறையப் பேர் வேலை கேட்டு வருவார்கள். அதில் பாதிப் பேர் கல்லூரியில் இடம் கிடைத்ததும் போய்விடுவார்கள். தப்பில்லை, ஆனால் அது தெரிந்து எடுக்க வேண்டும். தீபாவளிக்கு ஆள் வேண்டுமானால் ஆறு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். பத்து நாள் முன்னால் எடுத்த ஆளுக்கு எந்த ரேக்கில் எது இருக்கிறது என்று பழகுவதற்குள் பண்டிகையே முடிந்துவிடும்.

வயல் கணக்கும் உண்டு. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் தீபாவளி வியாபாரத்தோடு மோதும். சம்பா அறுப்பு தை, மாசியில் வரும், அதுவும் முகூர்த்த சீசன். மெஷின் வந்த பிறகு அறுப்புக்கு முன்போல நாள் ஆவதில்லை என்றாலும், நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் காவல் இருக்க வீட்டில் ஒரு ஆண்பிள்ளை வேண்டும். "வீட்ல வயல் இருக்கா? அறுப்பு சமயம் எத்தனை நாள் லீவு தேவைப்படும்?" என்று நேராகக் கேளுங்கள். ஐந்து நாள் என்று முன்கூட்டியே சொல்பவரை வைத்துச் சமாளிக்கலாம். சொல்லாமல் போன் அணைத்துவைப்பவரை ஒன்றும் செய்ய முடியாது.

கும்பகோணத்துக்காரர்கள் இன்னொன்றையும் குறித்து வைக்கலாம். போன மகாமகம் 2016இல், அடுத்தது 2028இல். அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரம் ஆள் தேடுவது வீண்வேலை.

அறிவிப்பு எழுதுவது

"ஆட்கள் தேவை. அனுபவம் உள்ளவர்கள் அணுகவும்" என்ற போர்டைப் பார்த்து யார் வருவார்கள்? எல்லாரும் வருவார்கள், பொருந்துபவர்களைத் தவிர. ஷிப்ட், சம்பளம், லீவு மூன்றும் போர்டிலேயே இருக்கட்டும். இப்படி:

"பில் போட 2 பேர், ரேக் பகுதிக்கு 2 பேர் தேவை. ஆண், பெண் இருவரும் வரலாம். வயது 18க்கு மேல். தமிழ் நன்றாகவும், ஆங்கில எழுத்தும் படிக்கத் தெரிந்தால் போதும். நேரம்: காலை 9 – மாலை 6 அல்லது பகல் 12.30 – இரவு 9.30. வாரம் ஒரு நாள் லீவு. சம்பளம் மாதம் ரூ. ____ முதல் ரூ. ____ வரை. நேரில்: செவ்வாய், புதன், காலை 10 – 12."

சம்பளத்தை எழுதினால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவாரே என்று தயங்குவார்கள். அவருக்கு எப்படியும் தெரியும். டீக்கடையில் எல்லாம் தெரியும். எழுதாவிட்டால் நஷ்டம் உங்கள் நேரம்தான்: இருபது பேரிடம் பேசிய பிறகு சம்பளத்தைக் கேட்டதும் பதினைந்து பேர் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போவார்கள். தொகையை முடிவுசெய்யும் முன் கடைகளுக்கான குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பைப் பாருங்கள். அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும், போன வருஷத் தாளை வைத்துக்கொண்டு பேசக் கூடாது. காரைக்காலில் கடை வைப்பவர்கள் கவனிக்க: அது புதுச்சேரி ஆட்சிப்பகுதி, அங்கே விதியும் ஊதிய அறிவிப்பும் வேறு.

போர்டு கடை வாசலில், கேட்டவுடன் ஒப்புக்கொள்ளும் இரண்டு மூன்று பக்கத்துக் கடைகளில், ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போகட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையத்தில் சொல்லிவைத்தால் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கும்போது உட்கார இடம் தருவார்கள். அரசுக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை உள்ள இடங்களில், காலை வகுப்பு முடிந்து மதியத்துக்கு மேல் ஓய்வாக இருக்கும் மாணவர்கள் நான்கு மணி நேர வேலைக்குக் கச்சிதம். பண்டிகை நேரத்துக்கு அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது.

ஏற்கெனவே இருக்கும் ஆள் தன் சொந்தக்காரரைக் கூட்டி வருவது நல்ல வழி. பொறுப்பாகத் தேர்ந்துதான் கூட்டி வருவார்கள். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு காதுகுத்து, ஒரு சாவு என்றால் உங்கள் பாதிக் கடை அன்றைக்கு லீவு.

நேர்காணல் நாள்

ஒருவருக்கு 25 நிமிடம். பத்து நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கைவேலை, ஐந்து நிமிடம் அவர் கேட்க. நடக்கும் வியாபாரத்துக்கு நடுவில் கல்லாவில் நின்றபடி கேட்காதீர்கள். குடோனில் இரண்டு நாற்காலி போட்டால் போதும். பத்தொன்பது வயசுப் பையனாக இருந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்றே தொடங்குங்கள். நீங்கள் அவரிடம் பேசுகிற மாதிரிதான் அவர் உங்கள் வாடிக்கையாளரிடம் பேசுவார்.

பெண்பிள்ளைகள் அம்மாவோடோ அண்ணனோடோ வருவார்கள். அவர்களை வாசலில் நிற்கவைக்காமல் உள்ளே அழைத்துக் கடையைச் சுற்றிக் காட்டுங்கள். கழிப்பறை எங்கே, கேமரா எங்கே, கடை மூட எத்தனை மணியாகும் என்பதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் போவது இந்த மூன்றும்தான். கழிப்பறை இல்லாத கடை முதலில் அதைக் கட்டிவிட்டு ஆள் எடுக்கட்டும். பிறகு கேள்விகளை வேலைக்கு வந்தவரிடம் மட்டும், அம்மா பார்வையில் படும் தூரத்தில் வைத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் பதில் எல்லாம் அம்மாவிடமிருந்தே வரும்.

என்ன கேட்பது?

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றால் படிப்பும் அப்பா பெயரும் வரும், அதில் உங்களுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. முன்பு கடையில் இருந்தவரிடம், "காலைல கடைக்குப் போனதும் முதல் வேலையா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். உண்மையிலேயே வேலை பார்த்தவர் ஷட்டர், விளக்கு, சாமி படம், முந்தின நாள் கல்லாக் கணக்கு, காலியான ரேக் என்று வரிசையாகச் சொல்வார். சும்மா சொல்பவர் "எல்லா வேலையும் பாப்பேன்" என்பார். "விலை ஒட்டினது ஒண்ணு, பில்லில் வந்தது ஒண்ணு, வாடிக்கையாளர் சத்தம் போடுறார், என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "முதலாளியைக் கூப்பிடுவேன்" என்பது மோசமான பதில் இல்லை. "அவங்க சொல்றது தப்புன்னு காட்டுவேன்" என்பதுதான் யோசிக்க வைக்கிற பதில்.

புதியவர்களிடம் கடை அனுபவத்தைத் தேடாதீர்கள். கோயில் திருவிழாவில் அன்னதானம் பரிமாறியது, அப்பாவின் டீக்கடையில் சாயங்காலம் நின்றது, ஊரில் மகளிர் குழுக் கணக்கு எழுதியது எல்லாம் இந்த வேலைக்கான அனுபவமே.

பஸ் கேள்விகளைத் தனியாக, நிதானமாகக் கேளுங்கள். எந்த ஸ்டாப், எந்த பஸ், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அந்த வழியில் விளக்கு இருக்கிறதா. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை, அதனால் தொலைவிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் அந்த பஸ் ஒன்று தவறினால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து வரும் ஊர்கள் இங்கே ஏராளம். குடவாசல் தாண்டி உள்ளே இருக்கும் கிராமத்திலிருந்து கும்பகோணத்துக்கு வருபவரை மாலை ஷிப்டில் போடுவது, அவரை நீங்களே வேலையை விடச் சொல்வது மாதிரி. இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டியிருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்கி, வீடு சேர்வதற்கான வண்டியைக் கடையே ஏற்பாடு செய்ய வேண்டும்.

கேட்கக் கூடாதவை: சாதி, மதம், கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது. நம் பக்கத்தில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "எந்தத் தெரு?" ஊரைக் கேட்பது பஸ்ஸுக்காக. தெருவைக் கேட்பது எதற்காக என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். விலாசம் ஆதார் நகலில் இருக்கிறது.

வெளிப்படையாகக் கேட்க வேண்டியதும் உண்டு. "ஆறு மாசத்துக்குள்ள சிங்கப்பூர், துபாய், திருப்பூர்னு போற யோசனை இருக்கா? டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறீங்களா?" இருக்கிறது என்றால் தள்ளிவிடாதீர்கள். தேர்வு வாரம் லீவு, போவதற்கு ஒரு மாதம் முன்பு சொல்லிவிட வேண்டும் என்று அங்கேயே பேசிக்கொள்ளுங்கள். எட்டு மாதம் ஒழுங்காக வேலை பார்க்கும் ஆள், எட்டு வருஷம் இருப்பேன் என்று சொல்லிவிட்டு எட்டாம் நாள் காணாமல் போகும் ஆளைவிட மேல்.

கைவேலைச் சோதனை

பேச்சில் கெட்டிக்காரராகத் தெரிந்தவர் இங்கே தடுமாறுவார், வாய் திறக்காத பிள்ளை அசத்தும். எல்லாருக்கும் ஒரே சோதனை வையுங்கள்.

1. நோட்டு எண்ணுதல். 500இல் 6, 200இல் 5, 100இல் 6, 50இல் 2, 10இல் 3 என 22 நோட்டுகளைக் கலைத்துப்போட்டுக் கொடுங்கள். மொத்தம் 4,730. இரண்டு நிமிடம். வேகத்தைவிட, வகை பிரித்து அடுக்கி இரண்டாம் முறை எண்ணுகிறாரா என்று பாருங்கள். ஒரே முறை எண்ணிச் சரியாகச் சொன்னவரைவிட, இரண்டு முறை எண்ணியவர்தான் கல்லாவுக்கு.

2. சில்லறைக் கணக்கு. பில் 387. வாடிக்கையாளர் 500 தாள் கொடுத்துவிட்டு, பிறகு தேடி எடுத்து 7 ரூபாயும் நீட்டுகிறார். திருப்பித் தர வேண்டியது 120. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புவார்கள், ஏமாற்றுபவர்களும் இந்த இடத்தில்தான் கைவைப்பார்கள். கால்குலேட்டர் எடுத்தால் குறையில்லை. எடுக்காமல் தப்பாகச் சொன்னால்தான் குறை.

3. எடை. கிலோ 148 ரூபாய்ப் பருப்பு, 350 கிராம். 51 ரூபாய் 80 காசு. தராசில் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுப் பருப்பைக் கொட்டுகிறாரா என்று பாருங்கள். தட்டின் எடையைச் சேர்த்தே பில் போடும் பழக்கம் ஒருவருக்கு இருந்தால் எடை அளவுத் துறை அபராதம் உங்களுக்குத்தான்.

4. தேதி. நான்கு பாக்கெட் வையுங்கள், அதில் ஒன்று காலாவதியானது. தயாரித்த தேதியும் "9 மாதத்துக்குள்" என்ற வாசகமும் மட்டும் போட்ட பாக்கெட்டாகத் தேர்ந்தெடுங்கள், கணக்குப் போட்டால்தான் தெரியும். பிறகு அவற்றை ரேக்கில் அடுக்கச் சொல்லுங்கள். பழசு முன்னால், புதுசு பின்னால் என்று சொல்லாமலே செய்பவர் கடையில் வளர்ந்தவர். சொன்ன பிறகு செய்பவரும் போதும்.

5. யுபிஐ. "பணம் அனுப்பிட்டேன்" என்று ஒருவர் போனில் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் என்ன செய்வீர்கள்? சரியான பதில், கடையின் சவுண்ட்பாக்ஸ் சொல்லும்வரை அல்லது கடைப் போனில் பணம் வந்தது தெரியும்வரை பொருளைக் கொடுக்க மாட்டேன் என்பது.

தரையில் ஐம்பது ரூபாயைப் போட்டுவிட்டு எடுத்துக் கொடுக்கிறாரா என்று மறைந்து பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். அது எப்படியும் வெளியே தெரிந்துவிடும், தெரிந்தால் வேலைக்கு வந்தவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

முடிவெடுக்கும் முன்

நேர்காணலுக்கு நீங்களும் இன்னொருவரும் உட்காருங்கள். கணக்கு, கைச்சுத்தம், பேச்சு, நேரத்துக்கு வந்தாரா, ஷிப்டுக்குப் பொருந்துகிறாரா என்று ஐந்துக்கும் ஐந்தைந்து மார்க்கை இருவரும் தனித்தனியாகப் போட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். உடனே பேசிக்கொண்டால் மூத்தவர் சொன்னதே முடிவாகிவிடும். கடைசிக் கேள்விக்கு இரண்டுக்குக் கீழே வந்தால் மற்றதில் முழு மார்க் வாங்கினாலும் எடுக்காதீர்கள், அல்லது ஷிப்டை மாற்றுங்கள்.

பழைய கடையில் விசாரிக்க அவரிடம் அனுமதி கேளுங்கள். இப்போது வேலையில் இருக்கும் இடத்துக்கு அவருக்குத் தெரியாமல் போன் போடுவது அவருடைய பிழைப்பைக் கெடுப்பது. கேட்க வேண்டியது மூன்றே: எவ்வளவு நாள் இருந்தார், பணம் கையாண்டாரா, திரும்ப வந்தால் எடுப்பீர்களா. கோபத்தில் குறை சொல்லும் முதலாளியும் உண்டு, தொலைந்தால் போதும் என்று புகழும் முதலாளியும் உண்டு. மூன்றாவது கேள்விக்கு முன்னால் வரும் தயக்கம்தான் பதில்.

மூன்று நாள் சோதனை வேலை, அன்றன்றைய கூலியை அன்று மாலையே கையில் கொடுத்து. முதல் நாள் ரேக்கும் சரக்கும், இரண்டாம் நாள் பில் போடுபவர் பக்கத்தில், மூன்றாம் நாள் தனியாக, யாராவது பார்த்துக்கொள்ள. கூலி இல்லாமல் "வேலை பழகுங்க" என்று வாங்கும் கடைகளின் பெயர் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் போய்விடும், பிறகு போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும்.

எடுக்காதவர்களுக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள். சின்ன ஊர். அவர் வீட்டு மாதச் சாமானும் உங்கள் கடையில் வாங்கக் கூடியதுதான்.

சேர்க்கும்போது எழுத வேண்டியவை

ஒரு பக்கத் தாள், தமிழில், இருவர் கையெழுத்தோடு இரண்டு பிரதி. அதில் மாதச் சம்பளம், தரும் தேதி (5ஆம் தேதி என்று வைத்துக்கொள்வது நல்லது), ஷிப்ட், வார லீவு எந்த நாள், ஓவர்டைம் கணக்கு, வேலையை விட்டால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். பண்டிகை லீவுகளையும் எழுதுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர ஆண்டுக்கு ஐந்து பண்டிகை விடுமுறை சட்டப்படி உண்டு.

கல்லாவில் குறைந்தால் என்ன என்பதற்கு ஒரு வரி கட்டாயம். யார் கல்லாவில் இருந்தாலும் ஷிப்ட் மாறும்போது எண்ணி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணாத கல்லாவில் யாருடைய தப்பு என்று சொல்லவே முடியாது. குறைந்தாலும், அவருடைய கவனக்குறைவால்தான் என்று தெரிந்து, அவர் தரப்பைக் கேட்ட பிறகே பிடிக்கலாம்.

ஆதார் நகலும் ஒரு போட்டோவும் வங்கிக் கணக்கு எண்ணும் போதும். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்துக் கட்டிப்போடுவதும் அதே ரகம், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரைக்கும் கொண்டுபோய்விடும்.

பத்துப் பேர் ஆனால் கணக்கு மாறும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), ஊழியர் பங்கு 0.75 சதவீதம், கடையின் பங்கு 3.25 சதவீதம். பாலியல் புகார்களுக்கான உள்குழுவும் பத்துப் பேரிலிருந்து கட்டாயம். இருபது பேர் என்றால் பி.எஃப். ஆள் எத்தனை ஆனாலும், விற்பனையாளர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு ஸ்டூல் போதும், கூட்டம் இல்லாதபோது உட்காரட்டும்.

சேரும் தேதியை நீங்களே குறிக்காமல் இரண்டு மூன்று நாள் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்த்து அஷ்டமி, நவமி, ராகுகாலம் தள்ளித்தான் அனுப்புவார்கள். நீங்கள் சொன்ன தேதி நவமியாக இருந்தால் அன்றைக்குத் தலைவலி வந்துவிடும், மறுநாள்தான் வருவார்.

எடுத்த ஆளின் பெயருக்குக் கீழே, மார்க்கில் அடுத்ததாக வந்தவரின் எண்ணையும் குறித்து வையுங்கள். "இப்போதைக்கு இடம் இல்லை, பதினைந்து நாளில் ஏதாவது வந்தால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவேன்" என்று அவரிடம் சொல்லியிருந்தால், முதல் ஆள் எட்டாம் நாள் வராமல் போகும்போது மறுபடி போர்டு மாட்ட வேண்டியிருக்காது.